ஒரு கீற்றுப் பப்பாளி

அத்தியாயம் 17

ஏழு புள்ளி நாலு.

டாக்டரம்மா அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டார். சுகந்தி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் எட்டு புள்ளி ஒன்று. ரத்தம் ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் இறங்கியிருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணிக்குப் பதினொன்று இருக்கணும், போனால் போகிறது பத்தாவது இருக்கணும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே அட்டையைத் திருப்பினார்.

போன வாரம் குழாயடியில் குடத்தோடு தலை சுற்றி உட்கார்ந்தாளே, அதற்குப் பிறகுதான் மாமியார் மாயக்காளே இறங்கி வந்து, ஒரு எட்டு காட்டிவிட்டு வருவோம் என்று சுகந்தியை இந்தச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்திருக்கிறாள். புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சுகந்தி பாலவனத்தத்தில் பிறந்தவள். பரளச்சிப் பக்கம் வாக்கப்பட்டவள். புருஷன் மாரிக்கண்ணன் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறான். மாமனார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பதினைந்து ஏக்கர் மானாவாரி நிலத்தையும் வீட்டையும் மாயக்காள்தான் கட்டி ஆள்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுகந்திக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது. இப்போது வயிற்றில் இருப்பது இரண்டாவது.

நேற்று என்ன சாப்பிட்டாய் என்று டாக்டரம்மா கேட்டார். சுகந்தி மாமியாரைப் பார்த்தாள். பதில் அங்கிருந்துதான் வந்தது.

"காலையில ரெண்டு இட்டிலி. மத்தியானம் ரசஞ்சோறு. ராத்திரிக்கிப் பாலு."

"கீரை?"

"ராத்திரில செமிக்காதும்மா."

"பகல்ல?"

"பகல்ல வாயு."

எள்ளுருண்டை என்றால் சூடு. முட்டை அதைவிடச் சூடு. அரசாங்கத்தில் கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருந்ததே என்றால், அது பீரோ மேல் பத்திரமாக இருக்கிறதாம். இரும்புச்சத்து மாத்திரை? அதற்கு மாயக்காள் கொஞ்சம் தயங்கினாள். கருப்பு கருப்பாய் வெளிக்குப் போகிறது, பிள்ளையும் கருத்துப் போகும் என்று நாலு பேர் சொல்கிறார்கள், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றாள். திருட்டுத்தனம் எதுவும் அதில் இல்லை. அத்தனை அக்கறையாகச் சொன்னாள். அதுதான் டாக்டரம்மாவைக் கோபப்பட விடாமல் செய்தது.

அவர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மாயக்காளை நேராகப் பார்த்துச் சொன்னார். நாளைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும். இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்ற வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. ஏழுக்குக் கீழே போனால் ரத்தமே ஏற்ற வேண்டிவரும். இந்த நிலைமையில் பிரசவத்தில் கொஞ்சம் உதிரம் கூடுதலாகப் போனாலும் இந்தப் பெண் தாங்க மாட்டாள், வயிற்றில் இருப்பதும் தாங்காது. முதல் கரு கலைந்தபோது எடுத்த ஸ்கேன் காகிதம் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.

ஸ்கேன் காகிதம் என்றதும் மாயக்காள் முகம் இருண்டது. வீட்டில் கலந்துக்கிட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அந்த முகத்தைச் சுகந்தி பார்த்தாள். அத்தைக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். இரண்டு வருஷமாக அவளுக்கு இருந்த சந்தேகம் அன்றைக்கு முடிவாகிவிட்டது.

பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. பாலவனத்தத்திலிருந்து அம்மா செல்வலட்சுமி போன் போட்டாள். ரத்த அளவைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கே ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வறுத்து எடுத்து வருகிறேன், நாலு நாள் தின்றால் ரத்தம் தானாக ஏறும், நான் எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்றுதானே உன்னைப் பெற்றேன் என்றாள். சுகந்தி சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் மாமியார் காதில் விழுந்திருக்கும். மாயக்காள் கணக்கில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், அறவே ஆகாது. வயிற்றுக்குள் இருக்கிறதைத் தின்றால் வயிற்றுக்குள் இருக்கிறதுக்கு ஆகாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

யோசித்துப் பாருங்கள். பாலவனத்தத்துக்கும் பரளச்சிக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம்தான் இருக்கிறது. அங்கே மருந்தாக இருக்கிற எள்ளு, இங்கே வந்து இறங்குவதற்குள் விஷமாகிவிடுகிறது. ஊர் நர்சு பாண்டீஸ்வரி எல்லாம் தின்னலாம் என்கிறாள். மாரிக்கண்ணன் போனில் காட்டுகிற வீடியோவில் ஒருத்தி பப்பாளிப் பழம் நல்லது என்கிறாள், விரலால் தள்ளினால் அடுத்தவள் தொடவே தொடாதே என்கிறாள். எதிர்வீட்டில் இரட்டை வாழைப்பழத்தைப் பார்க்கவே கூடாதென்று முகத்தைத் திருப்பச் சொல்கிறார்கள். சுகந்திக்கு எதைக் கேட்பது, எதை விடுவது என்று ஒரு மண்ணும் புரியவில்லை. நமக்கே தலை கிறுகிறுக்கிறது, அவளுக்கு இருக்காதா?

மாரிக்கண்ணன் இதையெல்லாம் கேட்டால் சிரிப்பான். "இந்தக் காலத்துல போயி இதெல்லாம் நம்பிக்கிட்டு. தின்னு புள்ள, ஒண்ணும் ஆகாது" என்று வண்டியிலிருந்து கடலைமிட்டாயை மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பான். அதையும் அவள் தின்றதில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஏன் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. மாமியார் பட்டினி போடுகிறாள் என்றுதான் அம்மா நினைக்கிறாள், டாக்டரம்மா நினைக்கிறார், புருஷனும் நினைக்கிறான். பாதி உண்மை. மீதிப் பாதி சுகந்தியின் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் கரு வயிற்றில் இருந்தபோது, அவள் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மசக்கை ஆளைப் படுத்திய சமயம். தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். தீபாவளி லீவு முடிந்து வேலைக்குப் போன வியாழக்கிழமை, கூட வேலை பார்க்கிற கோகிலாம்பாள் வீட்டு மரத்துப் பப்பாளி ஒன்றை அறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்திருந்தாள். சுகந்தி மாசமாக இருப்பது அவளுக்குத் தெரியாது. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாதென்று மாயக்காள் வாயைக் கட்டியிருந்தாளே. பழத்தின் குளிர்ச்சியைப் பார்த்ததும் சுகந்திக்கு ஆசை அடக்க முடியவில்லை. ஒரே ஒரு கீற்று. அது வயிற்றில் தங்கியது. ஒரு மாதத்தில் முதன்முதலாக ஒரு சாப்பாடு வெளியே வராமல் தங்கியது என்று அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டாள்.

சனிக்கிழமை உதிரம் கண்டது.

இதை அவள் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. புருஷனிடம்கூட. அதற்கப்புறம் அத்தை ஒவ்வொரு தடவை "அதைத் தின்னாத" என்று சொல்லும்போதும், அன்றைக்குத் தின்றாயே என்று சொல்வதாகத்தான் அவள் காதில் விழுந்தது. அதனால் எதிர்த்துப் பேசவில்லை. தட்டில் விழுந்ததையும் பாதிதான் தின்றாள். இந்தத் தடவை தன் வாயால் எதுவும் நடந்துவிடக் கூடாது. அந்தப் பயத்திலேயே ஏழு புள்ளி நாலுக்கு வந்து நிற்கிறாள்.

வீட்டுக்கு வந்து ரசஞ்சோற்றை முன்னால் வைத்துவிட்டு மாயக்காள் உள்ளறைக்குப் போனாள். டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை. சுகந்தி எட்டிப் பார்த்தாள். மாயக்காள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த ஆஸ்பத்திரி மஞ்சள் பை. அதன் காதை முறுக்கியும் விட்டும் முறுக்கியும் விட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"சுகந்தி, இங்கன வந்து உக்காருத்தா."

வந்துவிட்டது, கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே சுகந்தி எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கி டாக்டரம்மா இந்தக் காயிதத்தப் பாத்துட்டு, அந்தச் சமயத்துல என்ன நடந்துச்சுன்னு கேப்பாக. அவுக முன்னாடி வச்சு ஒனக்குத் தெரிய வேணாம். நானே சொல்லிர்றேன்." மாயக்காள் பையைப் பார்த்தே பேசினாள். "கெரகணத்தன்னைக்கி ஒன்னைய வெளிய கூப்புட்டது நாந்தான்."

சுகந்திக்கு முதலில் புரியவில்லை. எந்தக் கிரகணம், என்ன கூப்பிட்டது?

பிறகு ஞாபகம் வந்தது. அந்தத் தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. விலை ஏறட்டும் என்று வைத்திருந்த மிளகாய் வத்தலை மூட்டை பிரித்துக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கிரகணம். மாயக்காளே மத்தியானம் மருமகளை உள்ளே உட்கார வைத்து ஜன்னலைச் சாத்தியிருந்தாள். கிரகணம் பிடித்த நேரம் பார்த்து மேற்கே மழைக் கருக்கல் கட்டிக்கொண்டு வந்தது. வேலையாட்கள் தீபாவளிக்குப் போனவர்கள் திரும்பவில்லை. களத்திலிருந்து மாயக்காள் சத்தம் கொடுத்தாள். சுகந்தி ஓடினாள். இரண்டு பேருமாக அள்ளிச் சாக்கில் கொட்டிக் கட்டினார்கள். முழுசாகக் கால் மணி நேரம்கூட இருக்காது. சுகந்தி அதை அன்றைக்கே மறந்துவிட்டாள்.

மாயக்காள் மறக்கவில்லை.

"எனக்குத் தெரியும்த்தா. கெரகணம் புடிச்சிருக்குன்னும் தெரியும், நீ மாசமா இருக்கன்னும் தெரியும். தெரிஞ்சேதான் கூப்புட்டேன். வத்தல் நனஞ்சிருமேங்கிறது மட்டுந்தான் புத்தியில நின்னுச்சு. வத்தல அள்ளிட்டேன். புள்ளைய விட்டுட்டேன்."

சொல்லி முடித்ததும் மாயக்காள் அழுதாள். புருஷன் இறந்தபோதே கண் கலங்காமல் பந்தலுக்குத் தென்னங்கீற்று எண்ணிக் கொடுத்தவள். அவள் அழுது சுகந்தி பார்த்ததேயில்லை.

சுகந்திக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது தெரியுமா? நல்ல மனுஷி, ஐயோ பாவம் அத்தை என்று நினைத்திருப்பாள் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள். இல்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு வருஷமாக இடுப்பில் இருந்த தண்ணீர்க் குடத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி உடம்பு லேசானது. நான் இல்லை. கிரகணம்தான். அத்தைதான். அத்தைக்குப் பப்பாளி விஷயமே தெரியாது. இனி யாருக்கும் தெரியவும் வேண்டாம். இப்படியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கமும் வந்தது. வெட்கம் வந்தும் வாய் திறக்கவில்லை.

மாயக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள். அதனால்தான் இந்தத் தடவை எதிலும் ஒரு குறை வைக்கக்கூடாதென்று காபந்து செய்தாளாம். யார் என்ன ஆகாது என்று சொன்னாலும் விட்டுவிடுவாளாம், ஒன்றுக்குப் பத்தாக. அதுவே மருமகளின் ரத்தத்தைக் குடிக்குமென்று தெரியாது என்றாள். டிரிப்ஸ் ஏற்றலாமா கூடாதா என்றும் தெரியவில்லை, ஏற்றி எதுவும் ஆனால் அதுவும் தன் தலையில்தான் விடியும் என்றாள். அப்புறம் குரல் இறங்கிப்போய் ஒன்று சொன்னாள்.

"நல்லபடியாப் பெத்து வா. ஒங்க அம்மாவே மொதல்ல தூக்கட்டும். நான் தூக்க மாட்டேன்த்தா. என் கையி வேணாம் அதுக்கு."

இதைத்தான் சுகந்தியால் தாங்க முடியவில்லை. மாயக்காள் அந்த வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி பிறந்தால்கூட முதலில் ஓடிப்போய்த் துடைத்து மடியில் வைத்துக்கொள்கிறவள்.

"அத்தே, நான் பப்பாளி தின்னேன்."

மாயக்காள் நிமிர்ந்தாள். சுகந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மில்லு, கோகிலாம்பாள், உப்பு, மிளகாய்த்தூள், வாந்தி வராமல் நின்றது, சனிக்கிழமை. கொட்டிவிட்டு அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாயக்காள் திட்டவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"எம்புட்டு?"

"ஒரு கீத்து."

"காயா, பழமா?"

"பழந்தான்."

"என்னைக்கி?"

"வியாழக்கெழம."

மாயக்காள் விரலை மடக்கினாள். செவ்வாய், புதன், வியாழன். கிரகணம் முந்தி, பப்பாளி பிந்தி. அப்படியென்றால் கிரகணத்திலேயே காரியம் முடிந்துபோயிருக்கும், பழம் ஒன்றும் செய்திருக்காது, நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றாள். அதெப்படி என்று சுகந்தி கேட்டாள். கிரகணம் வானத்தில் இருந்தது, பழம் வயிற்றுக்குள் போயிருக்கிறது, எது முதலில் எட்டியிருக்கும்? மாயக்காள் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா வழியில் ஒருத்திக்குக் கிரகணத்தில் வெளியே போய் ஒரே நாழிகையில் கலைந்ததை எடுத்துச் சொன்னாள். சுகந்தி மில்லில் கேட்ட பப்பாளிக் கதை இரண்டைச் சொன்னாள்.

கேளுங்கள் இந்தக் கூத்தை. பழியை அடுத்தவர் தலையில் தள்ளுகிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே இரண்டு பேரும் அது என்னுடையது, உன்னுடையதில்லை என்று இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இழுக்க இழுக்கச் சுகந்திக்குக் குழப்பம்தான் கூடியது. ஒரு கணம் தன்மேல் தப்பு என்று உறுதியாக இருந்தது, மறுகணம் இல்லை என்று ஆசையாக இருந்தது. எது உண்மையாக இருக்கவேண்டும் என்று அவள் விரும்புகிறாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஊர் நர்சு பாண்டீஸ்வரி. டாக்டரம்மா போன் செய்து சொல்லியிருக்கிறார், நாளைக்கு இவர்கள் வராமல் இருந்துவிடுவார்கள், நேரில் போய்ப் பார் என்று. பின்னாலேயே மாரிக்கண்ணனின் லோடு வண்டியும் வந்தது. அவன் இறங்கி உள்ளே வரும்போதே, அம்மா கண்ணும் பெண்டாட்டி கண்ணும் சிவந்திருப்பதைப் பார்த்து நிலையடியிலேயே நின்றுவிட்டான்.

பாண்டீஸ்வரி பழகியவள். என்ன ஏது என்று கேட்கவில்லை. படிவத்தை எடுத்து, மாயக்காளின் மடியில் இருந்த மஞ்சள் பையைத் தானே வாங்கிக்கொண்டாள். முதல் கருவைப் பற்றி எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதற்கு இந்தக் காகிதம் வேண்டும். பிரித்துப் படித்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள்.

"சுகந்தி, இந்த ஸ்கேன் எடுக்கும்போது உனக்கு எத்தனை வாரம்?"

"பத்து வாரம்க்கா."

"இதுல கரு ஆறு வாரம் அஞ்சு நாளு வளத்திதான் இருக்குன்னு போட்டிருக்கு. இதயத் துடிப்பு இல்லைன்னு போட்டிருக்கு. இத உங்களுக்கு அப்ப யாரும் சொல்லலையா?"

யார் சொன்னார்கள்? அன்றைக்கு, துடிப்பு இல்லை, தங்கவில்லை, சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். கையெழுத்து கேட்டார்கள், போட்டார்கள். இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அது இரண்டு வருஷமாக டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது.

பாண்டீஸ்வரி படிவத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினாள். ஸ்கேன் எடுப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கரு வளர்வது நின்றுவிட்டிருக்கிறது. நின்றது வெளியே தெரியாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. உதிரம் பிறகுதான் கண்டிருக்கிறது. கருவே சரியாக உருவாகாமல் இப்படி ஆவது நிறைய நடக்கும், யார் செய்ததாலும் இல்லை.

மாயக்காள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "கெரகணம் தீவாளிக்கு மறுநா. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அதுக்கு ரொம்ப முன்னாடி, பெரியம்மா."

"இவ வியாழக்கெழம பப்பாளி தின்னுருக்கா."

"அதுக்கும் முன்னாடி." பாண்டீஸ்வரிக்கு அப்போதுதான் இருவர் கண்ணும் ஏன் சிவந்திருக்கிறது என்று விளங்கியது. மாயக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூப்புட்டப்பவும், இவ தின்னப்பவும் அது உசுரோட இல்ல. உங்க ரெண்டு பேரு மேலயும் தப்பே இல்ல."

மாயக்காள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாளோ தெரியாது.

சுகந்திக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு மில் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளுக்குள் பேசிக்கொண்டு போயிருக்கிறாள், ஊர் வந்துருச்சு, இறங்குவோமா என்று. யாரிடம் பேசினாள்? தப்பு இல்லை என்று ஆனதும், தப்புக்குப் பின்னால் மறைந்து கிடந்த பிள்ளை இப்போதுதான் முதன்முதலாகச் செத்துப்போனது போலிருந்தது. சத்தமில்லாமல் அழுதாள். பாண்டீஸ்வரி அழ விட்டாள்.

அப்போது நிலையடியிலிருந்து மாரிக்கண்ணன் கேட்டான்.

"மூணு வாரத்துக்கு முன்னன்னா, எந்தத் தேதி வரும்?"

பாண்டீஸ்வரி போனில் பழைய காலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, தோராயமாகத்தான் சொல்ல முடியும், புரட்டாசி மூன்றாவது சனிக்கு இரண்டு நாள் முன்பின் இருக்கலாம் என்றாள்.

மாரிக்கண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டான். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன், இந்தக் காலத்துல போயி என்று அம்மாவை மடக்குகிறவன், அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"என் கூட்டாளி மாரிச்சாமியோட அப்பா செத்து, அவர எடுத்தது அந்த வியாழக்கெழமதான்." யாரையும் பார்க்காமல் சொன்னான். "தோளு குடுக்க ஒரு ஆளு கொறஞ்சுச்சு. மாரிச்சாமி என் மூஞ்சியப் பாத்தான். நான் குடுத்தேன்."

பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் பாடை தூக்கக்கூடாது. அந்த ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. அன்றைக்கு அவன் தூத்துக்குடிக்கு லோடு போனதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தான். நம்பாதவன் ஏன் பொய் சொன்னான் என்று சுகந்தி அவனையே பார்த்தாள். இரண்டு வருஷமாக இவனும் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் பக்கத்தில் படுத்திருக்கிறான்.

இப்போதுதானே சொன்னேன், யார் செய்ததாலும் இல்லை என்று பாண்டீஸ்வரி மறுபடியும் ஆரம்பித்தாள். அவள் சொன்னது அந்த அறையில் யார் காதிலும் ஏறவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்ட மாயக்காள், எழுந்து மகன் முன்னால் போய் நின்றாள்.

"ஏலே கண்ணா. தூக்கிட்டுக் குளிச்சியா, அப்பிடியே வீட்டுக்குள்ள வந்தியா?"

மாரிக்கண்ணன் ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

சுகந்தி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நர்சு சொல்வது சரி என்று அவள் புத்திக்குத் தெரிந்தது. அத்தை கேட்ட கேள்விக்கு அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவள் மனசு காத்திருந்தது. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்? வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தடவை புரண்டது. இது உயிரோடு இருக்கிறது. காலையிலிருந்து இரண்டு இட்டிலிதான் இதற்குக் கிடைத்திருக்கிறது, மத்தியான ரசஞ்சோறு தொடாமலே கிடக்கிறது.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

யாரும் திரும்பவில்லை. அவளே சுவரைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோற்றுப் பானையைத் திறந்து தட்டில் போட்டாள். சட்டியில் இருந்த குழம்பு அவளுக்கு ஆகுமா ஆகாதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் ஊற்றிப் பிசைந்தாள். முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது, கூடத்தில் மாரிக்கண்ணனின் குரல் கேட்டது.

"குளிக்கலம்மா."

கவளம் கையிலேயே நின்றது. சுகந்தி ஒரு மூச்சு அப்படியே இருந்தாள். பிறகு அதை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, அடுத்ததை உருட்டினாள்.